கடலோரத்திலிருந்து கொடைக்கானல் ஏரிக்கு: குழுவாகப் போய் வருவது எப்படி?



"சுற்றுலாவா? நமக்கு எதுக்கு அதெல்லாம்? காசுக்குப் புடிச்ச கேடு." குழுக் கூட்டத்தில் யாராவது இந்தப் பேச்சை எடுத்தால் முதலில் வருகிற பதில் இதுதான். நாம் ஊரை விட்டு வெளியே போகாதவர்கள் இல்லை. நாகூர் போகிறோம், வேளாங்கண்ணி போகிறோம், பழனி போகிறோம். கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் போகிறோம். ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போகிறோம். ஆனால் போகிற எல்லா இடத்திலும் நமக்கு ஒரு வேலை இருக்கும். சோறு கட்டணும், பிள்ளையைத் தூக்கணும், பெரியவர்களைக் கவனிக்கணும். எந்த வேலையும் இல்லாமல், பார்ப்பதற்கும் ஓய்வெடுப்பதற்கும் மட்டும் ஒரு பெண் வீட்டை விட்டுக் கிளம்புவது நம்ம ஊரில் அபூர்வம்.

விடியுமுன் ஏலத்துக்குப் போகிறோம். ஐஸில் கையை விட்டு இறால் தரம் பிரிக்கிறோம். வெயிலில் கருவாடு காயப் போடுகிறோம். கூடையைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போகிறோம். வலைக்கும் இயந்திரத்துக்கும் ஓய்வு கொடுத்துப் பழுது பார்க்காவிட்டால் அது கடலில் காலை வாரிவிடும் என்பது நமக்குத் தெரியும். உடம்புக்கு மட்டும் அந்தக் கணக்கு இல்லையா?

ஆகவே போகலாம், தவறில்லை. ஆனால் கடன் வாங்கிப் போகக் கூடாது. குழுப் பணத்தைத் தொடக் கூடாது. ஆபத்தில்லாமல் போய்த் திரும்ப வேண்டும். அதற்கான வழியைக் கோட்டைப்பட்டினத்திலிருந்து கொடைக்கானல் ஏரிக்குப் போவதை வைத்து இந்தக் கட்டுரை சொல்கிறது.

ஏரி எப்படி வந்தது?

கொடைக்கானல் திண்டுக்கல் மாவட்டத்தில், பழனி மலைகளின் மேல் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 7,000 அடி உயரம். 1845இல் அமெரிக்க மிஷனரிகள் சமவெளி வெயிலும் காய்ச்சலும் தாங்காமல் அங்கே வீடு கட்டிக் குடியேறினார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே பளியர், புலையர் என்ற மக்கள் அந்த மலையில் வாழ்ந்து வந்தார்கள். தேன் எடுப்பதும் கிழங்கு அகழ்வதும் பளியரின் பழைய தொழில்.

ஏரி தானாக உண்டானது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அந்த இடம் ஓடைகள் கூடுகிற சதுப்பு நிலமாக இருந்தது. மதுரை கலெக்டராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச் 1863இல் கரை கட்டி அந்தத் தண்ணீரைத் தேக்கினார். நாம் கண்மாய் வெட்டுவது போலத்தான். முதல் படகை அவர் தூத்துக்குடியிலிருந்து கொண்டு வந்ததாகச் சொல்வார்கள். மலை ஏரியில் மிதந்த முதல் படகு கடலோரத்துப் படகு! 1890இல் அங்கே படகுக் குழாம் தொடங்கியது. பொதுமக்களுக்கு அதன் கதவு திறந்தது 1932இல்தான்.

ஏரியின் பரப்பு சுமார் 60 ஏக்கர். மேலிருந்து பார்த்தால் நட்சத்திர மீன் போலக் கைகளை நீட்டிக்கொண்டிருக்கும். சுற்றி வர ஏறக்குறைய 5 கிலோமீட்டர் ரோடு. சராசரி ஆழம் 3 மீட்டர்தான். ஆனால் சில இடங்களில் 11 மீட்டர், அதாவது ஆறு ஆள் உயரத்துக்கு மேல். ஏரியிலிருந்து வழிகிற தண்ணீர் ஊருக்கு 8 கிலோமீட்டர் கீழே ரோட்டோரத்தில் வெள்ளி அருவியாக விழுகிறது. மலை ஏறும்போதே அதைப் பார்த்துவிடலாம்.

மேலே ஏன் குளிர்கிறது?

"மேலே போனால் சூரியனுக்குப் பக்கம்தானே, அப்ப சுடணுமே?" என்று பிள்ளைகள் கேட்கும். பதில் இதுதான். வெயில் முதலில் தரையைச் சூடாக்குகிறது. தரை காற்றைச் சூடாக்குகிறது. அந்தக் காற்று மேலே ஏறும்போது, மேலே அழுத்தம் குறைவு என்பதால் விரிகிறது. விரிந்தால் குளிர்கிறது. 1,000 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும். கொடைக்கானல் 2,100 மீட்டர். ஆக நம்ம ஊரில் 35 டிகிரி வெயில் அடிக்கிற நேரத்தில் அங்கே 22 டிகிரி அளவில் இருக்கும். இரவில் இன்னும் குறையும்.

அந்த மலையில் சோலைக்காடு என்று ஒன்று உண்டு. பள்ளத்தில் குட்டையான, அடர்ந்த மரங்கள். மேட்டில் புல்வெளி. இரண்டும் சேர்ந்து மழைத் தண்ணீரைப் பஞ்சு போல உறிஞ்சி வைத்து, கோடையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய விடும். பழனி மலைகளின் தென்பக்கத்திலிருந்து இறங்குகிற மஞ்சளாறு முதலான ஆறுகள் வைகையில் சேர்கின்றன. வைகை ராமநாதபுரம் வழியாகப் பாக் ஜலசந்திக் கடலை நோக்கி வருகிறது. அது நம்ம கடல்தான். அந்த மலைக்கும் நமக்கும் உறவு இல்லை என்று நினைக்காதீர்கள்.

என்னென்ன பார்க்கலாம்?

ஒரே நாளில் பத்து இடம் ஓடிப் பார்த்தால் அது ஓய்வு இல்லை, இன்னொரு வேலை. ஏரியை மையமாக வைத்துக்கொள்ளுங்கள்.

1. ஏரியைச் சுற்றி நடை: காலை 7 மணிக்குப் பனிமூட்டம் தண்ணீர் மேல் நகர்வதைப் பார்க்க வேண்டும். நடக்க முடிந்தவர்கள் நடக்கலாம். வாடகை சைக்கிளும் கிடைக்கும். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது சைக்கிள் ஓட்டக் கற்று நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தவர்கள் நம்ம புதுக்கோட்டை மாவட்டப் பெண்கள். அன்று ஓட்டிய அக்காமார் இன்றும் குழுக்களில் இருக்கிறார்கள். ஏரியை ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள்!

2. பிரையண்ட் பூங்கா: ஏரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1908இல் அமைத்தது. ரோஜாவில் எத்தனை நிறம் உண்டு என்று இங்கே பார்க்கலாம். மே மாதத்தில் மலர்க் கண்காட்சி நடக்கும்.

3. கோக்கர்ஸ் வாக்: மலை விளிம்பில் சுமார் ஒரு கிலோமீட்டர் நடைபாதை. வெயில் தெளிவாக இருந்தால் கீழே சமவெளி தெரியும். கம்பிக்கு அப்பால் காலை வைக்கக் கூடாது.

4. குறிஞ்சி ஆண்டவர் கோயில்: 1936இல் கட்டியது. கட்டியவர் இந்து மதத்தைத் தழுவிய ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, லீலாவதி ராமநாதன். இங்கிருந்து பழனி மலை தெரியும். குறிஞ்சிப் பூ 12 வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கும். 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது. அடுத்தது 2030. இப்போதிருந்தே திட்டம் போடும் குழுவுக்கு இது நல்ல குறி.

ஊரில் சலேத் மாதா கோயிலும் பள்ளிவாசலும் உண்டு. நம்ம குழுக்களில் மூன்று மதத்தாரும் இருக்கிறோம். தொழுகை நேரம், விரத நாள் இரண்டையும் கேட்டு வைத்துக்கொண்டு நேரத்தை வகுங்கள்.

படிக்கிற பெண் பிள்ளைகள் உடன் வந்தால் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தைக் காட்டுங்கள். 1984இல் தமிழ்நாட்டில் பெண்களுக்கென்றே அரசு தொடங்கிய பல்கலைக்கழகம் இந்த மலையில்தான் இருக்கிறது. வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்தாலும் ஒரு பிள்ளைக்கு மனதில் விதை விழும்.

வாங்குவதற்கு மலைப் பூண்டு, பிளம்ஸ், பேரிக்காய், வெண்ணெய்ப் பழம் எல்லாம் உண்டு. கொடைக்கானல் மலைப் பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வீட்டுக்கு அரைக் கிலோ வாங்கும்போதே, அதை எப்படிப் புகை போட்டுக் காய வைக்கிறார்கள், எப்படி விலை வைக்கிறார்கள் என்று கேட்டு வாருங்கள். கருவாடு விற்கிற நமக்கு அதில் பாடம் இருக்கிறது. தரமான பொருளுக்கு ஊர்ப் பெயரே விலை கொடுக்கும்.

பணம் எங்கிருந்து வரும்?

இதுதான் முக்கியம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். சுற்றுலாக் கணக்கில் வந்த சண்டையால் உடைந்த குழுக்கள் உண்டு. ஆகவே மூன்று விதி:

முதல் விதி: குழுச் சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், சுழல் நிதி எதையும் தொடக் கூடாது. அவை தொழிலுக்கும் அவசரத்துக்கும் உள்ளவை.

இரண்டாவது: சுற்றுலாவுக்கென்று வட்டிக் கடன் வாங்கக் கூடாது. இரண்டு நாள் சந்தோஷத்துக்கு இரண்டு வருஷம் தவணை கட்டுவது ஓய்வு ஆகாது.

மூன்றாவது: தனி நோட்டு, தனிச் சேமிப்பு. விருப்பம் உள்ளவர்கள் மட்டும் சேரலாம். வர முடியாதவரை யாரும் ஏசக் கூடாது. நடுவில் நிற்க நேர்ந்தால் கட்டிய பணம் முழுதும் திரும்ப வேண்டும். இதை முதல் நாளே தீர்மான நோட்டில் எழுதிவிடுங்கள்.

ஒரு உதாரணக் கணக்கு: 15 பேர், வாரம் ஆளுக்கு 50 ரூபாய், 50 வாரம். ஆளுக்கு 2,500 ரூபாய். மொத்தம் 37,500 ரூபாய். இதை இப்படிப் பிரிக்கலாம்:

வேன் வாடகை, டீசல், டிரைவர் படி: 18,000
ஒரு இரவு தங்க (ஆளுக்கு 500): 7,500
சாப்பாடு (ஆளுக்கு 400): 6,000
பூங்கா, படகுக் கட்டணம் (ஆளுக்கு 150): 2,250
அவசரத்துக்கு: 3,750
ஆக மொத்தம்: 37,500

இது கணக்குப் போடும் முறையைக் காட்டத்தான். வாடகையும் அறைக் கட்டணமும் சீசனுக்குத் தக்க மாறும். இரண்டு மூன்று வேன்காரரிடம் கேட்டு, சுங்கக் கட்டணமும் டிரைவர் படியும் சேர்ந்ததா என்று எழுதி வாங்குங்கள். அவசரப் பணத்தில் மீதி இருந்தால் ஊர் வந்ததும் பங்கு பிரித்துவிட வேண்டும். கணக்கு எழுதும் பொறுப்பு ஊக்குநரிடம் மட்டும் இருக்க வேண்டாம். இரண்டு பேர் சேர்ந்து எழுதி, அடுத்த கூட்டத்தில் சத்தமாக வாசிக்கட்டும்.

எப்போது போகலாம்?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 2017 முதல் இது 61 நாள். விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். பிள்ளைகளுக்கும் லீவு. நாம் இரண்டு நாள் வெளியே போக இதுவே தோதான நேரம். ஆனால் அப்போதுதான் கையில் காசு இருக்காது. அதனால்தான் முந்தின வருஷம் ஜூன் கடைசியில், படகு கடலுக்குப் போகத் தொடங்கியதும், வாரச் சேமிப்பை ஆரம்பிக்கச் சொல்கிறோம்.

ஏப்ரல், மே மாதத்தில் கொடைக்கானலில் கூட்டம் அதிகம். சனி, ஞாயிறு வேண்டாம். செவ்வாய், புதன் கிழமைகளில் போனால் கூட்டமும் அறை வாடகையும் குறையும். அக்டோபர், நவம்பரில் பெருமழையும் மண்சரிவும் வரும், அதைத் தவிர்க்கவும். டிசம்பர், ஜனவரியில் குளிர் கடுமை.

உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்தது. அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு அது தேவையில்லை. 2024 நவம்பரில் 12 மீட்டருக்கு மேல் நீளமான வண்டிகளுக்கும் தடை போட்டார்கள். ஆகவே பெரிய பஸ் பிடிக்காமல் வேன் பிடிப்பது நல்லது. கிளம்பும் முன் இ-பாஸ் எடுத்தாச்சா என்று வேன்காரரிடம் கேட்டு, தாளைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

வழி: அறந்தாங்கி, காரைக்குடி, மதுரை, வத்தலக்குண்டு, பிறகு மலைப்பாதை. முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதிகாலை 4 மணிக்குக் கிளம்பினால் மதியத்துக்குள் மேலே போய்விடலாம். மறுநாள் பகல் 2 மணிக்கு இறங்கத் தொடங்க வேண்டும். இருட்டில் மலைப்பாதை வேண்டவே வேண்டாம். மலையில் ஓட்டிப் பழகிய டிரைவரா என்று கேளுங்கள். இருக்கைக்கு மேல் ஒரு ஆள்கூட ஏற்றக் கூடாது.

வீட்டை யார் பார்ப்பது?

"ரெண்டு நாள் நான் இல்லாட்டி வீடு என்னாகும்?" என்பது பல பேர் மனசில் உள்ள கேள்வி. ஒரு மாதம் முன்பே வீட்டில் பேசிவிடுங்கள். எங்கே போகிறோம், யார் யார் வருகிறார்கள், எங்கே தங்குகிறோம், எப்போது திரும்புகிறோம் என்று ஒரு தாளில் எழுதி வீட்டிலும் கூட்டமைப்பு அலுவலகத்திலும் கொடுங்கள். கைக்குழந்தை உள்ளவர், படுத்த படுக்கையாகப் பெரியவர் உள்ளவர் வீட்டுக்கு, அந்தத் தடவை போகாத உறுப்பினர்கள் ஒரு வேளை சோறும் பார்வையும் கொடுக்கலாம். அடுத்த தடவை முறை மாறும். இட்லி மாவு ஆட்டி வைத்துவிட்டு, இரண்டு நாள் குழம்பும் வைத்துவிட்டு, களைத்துப் போய் வேன் ஏற வேண்டாம். வீட்டில் இருக்கிறவர்களும் அடுப்பு மூட்டக் கற்றுக்கொள்ளட்டும்.

உடல்நலக் குறிப்புகள்

• சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். மாத்திரை மூன்று நாளுக்குக் கையில் இருக்கட்டும். கர்ப்பிணிகள் மலைப்பாதைப் பயணத்துக்கு முன் கட்டாயம் டாக்டரைக் கேளுங்கள்.

• கொண்டை ஊசி வளைவில் பலருக்குக் குமட்டும். காலையில் எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். இரண்டு இட்லி போதும். முன் இருக்கையில் உட்கார்ந்து தூரத்தில் பாருங்கள். செல்போனைப் பார்க்காதீர்கள். எலுமிச்சம்பழமும் இஞ்சியும் கைகொடுக்கும்.

• நமக்குக் குளிர் பழக்கம் இல்லை. ஸ்வெட்டர், காதை மூடத் துணி, காலுறை, இரண்டாவது உடை எடுங்கள். நாப்கின் எடுத்துக்கொள்ளுங்கள்.

• குளிருகிறது என்று பூட்டிய அறைக்குள் கரி அடுப்போ நெருப்புச் சட்டியோ வைக்கக் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். கொடைக்கானலிலேயே அப்படிச் சாவு நடந்திருக்கிறது.

• குரங்குக்குத் தீனி போடாதீர்கள். காட்டெருமை ஊருக்குள் வரும், ஏரிப் பக்கமும் வரும். மாடுதானே என்று கிட்டே போய்ப் படம் எடுக்காதீர்கள்.

ஏரித் தண்ணீரை லேசாக நினைக்காதீர்கள்

"நாம பாக்காத தண்ணியா?" என்று நம்மில் பலர் நினைப்போம். கடலில் படகு ஓட்டுகிற வீட்டுக்காரர்கள்தான் நாம். ஆனால் 2009 செப்டம்பர் 30ஆம் தேதி தேக்கடி ஏரியில் நடந்ததை மறக்கக் கூடாது. ஜலகன்னிகா என்ற இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அன்று அலை இல்லை, புயல் இல்லை. கரையில் நின்ற விலங்குகளைப் பார்க்கப் பலர் ஒரே பக்கம் ஒதுங்கினார்கள், படகு சாய்ந்தது. உயிர்காப்பு உடையும் அவர்கள் போட்டிருக்கவில்லை.

ஆகவே படகு ஏறுமுன் உயிர்காப்பு உடை கேளுங்கள். கொக்கியை இறுக்கி மாட்டுங்கள். புடவை கசங்கும், படம் நல்லா வராது என்று கழற்ற வேண்டாம். கொடுக்காவிட்டால் ஏற வேண்டாம். சொன்ன எண்ணிக்கைக்கு மேல் ஏறாதீர்கள். நடு ஏரியில் எழுந்து நிற்பதோ இடம் மாறுவதோ கூடாது. குளிர்ந்த தண்ணீரில் நீந்தத் தெரிந்தவருக்கும் கை கால் மரத்துப்போகும்.

நாம் விட்டுவிட்டு வரக் கூடாதவை

ஏரிக்கு நாலு பக்கமும் ஊர் இருக்கிறது. ஊரின் குப்பையும் கழிவும் மழையோடு ஏரிக்குத்தான் இறங்கப் பார்க்கும். நம்ம வலையில் மீனோடு பிளாஸ்டிக் பையும் வருகிறதே, அந்தக் கஷ்டம் நமக்குத் தெரியும். இன்னொருவர் தண்ணீரில் அதை நாம் போடலாமா?

கொடைக்கானலில் 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில், குளிர்பான பாட்டில்களுக்குத் தடை உண்டு. கொண்டுபோனால் ஒரு பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. ஆகவே எவர்சில்வர் தூக்கு, சொம்பு, மஞ்சப்பை எடுத்துப் போங்கள். சாப்பாட்டை வாழை இலையிலோ டப்பாவிலோ கட்டுங்கள். ஒரு சாக்குப்பை குப்பைக்கென்றே வேனில் இருக்கட்டும்.

அடுத்த கூட்டத்தில் பேச...

இதை வாசித்துக் காட்டிவிட்டு, விருப்பம் உள்ளவர்கள் தீர்மான நோட்டில் இப்படி எழுதலாம்:

"நமது குழு உறுப்பினர்களில் விருப்பமுள்ளோர் அடுத்த மீன்பிடித் தடைக்காலத்தில் கொடைக்கானல் ஏரிக்கு இரண்டு நாள் சென்று வர முடிவு செய்யப்படுகிறது. இதற்கென வாரம் ரூபாய் 50 தனியாகச் சேமிக்கப்படும். குழுச் சேமிப்பிலிருந்தோ கடனிலிருந்தோ பணம் எடுக்கப்படாது. விலகுவோருக்கு அவர் கட்டிய தொகை முழுவதும் திருப்பித் தரப்படும். வரவு செலவு, திரும்பிய பின் நடக்கும் முதல் கூட்டத்தில் வாசிக்கப்படும்."

கையெழுத்துப் போடும்போது மகனைக் கேட்கணும், மாமியாரைக் கேட்கணும் என்று யாராவது தயங்கினால் அவசரப்படுத்தாதீர்கள். கேட்டுவிட்டு வரட்டும். 50 வாரம் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வாரமும் நோட்டைத் திறக்கும்போது அவர் பெயருக்கு ஒரு வரியை வெறுமையாக விட்டு வையுங்கள்.